நிறத்திலிருந்து பிரிக்க வேண்டிய வெயில்காப்பு

நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 1.3 பாகையில் அமைந்த சிங்கப்பூரில், கோடை என்று தனித்துச் சுட்டத்தக்க பருவம் இல்லை. ஆயினும் இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் வழங்கும் வெயில்காப்பு அறிவுரைகளில் பெரும்பகுதி, சித்திரையிலும் வைகாசியிலும் கடுத்துப் பின்னர் தணியும் தமிழகக் கோடையின் நினைவிலிருந்தோ, ஆண்டில் சில வாரங்கள் மட்டும் கடற்கரைக்குச் செல்லும் ஐரோப்பியருக்காக எழுதப்பட்ட அழகுக் குறிப்புகளிலிருந்தோ வந்தவையாகும். சிங்கப்பூரில் மார்ச்சு, செப்டம்பர் மாதங்களின் சமவிரவு நாள்களையொட்டிச் சூரியன் நேர் தலைக்குமேல் நின்றாலும், மற்ற மாதங்களிலும் அது பெரிதாகச் சாய்ந்துவிடுவதில்லை. தோலைச் சிவக்கச் செய்யும் கதிர்களின் வலிமையை எண்ணாகத் தரும் புற ஊதாக் குறியீட்டைத் தேசியச் சுற்றுப்புற வாரியம் காலை 7 மணி முதல் மாலை 7 மணி வரை மணிதோறும் வெளியிடுகிறது. மேகமற்ற நண்பகல்களில் அக்குறியீடு 11-ஐத் தொடுவதும் கடப்பதும் இத்தீவில் வியப்புக்குரியதன்று. உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் 11-க்குமேல் வேறு படியே கிடையாது.

நேரக் கணக்கிலும் ஒரு பிசகு உண்டு. 1982 சனவரி முதல் சிங்கப்பூரின் கடிகாரம் 120 பாகை கிழக்கு நெடுங்கோட்டுக்குரிய நேரத்தைக் காட்டுகிறது. தீவோ 104 பாகைக்குச் சற்று மேற்கே கிடக்கிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்று கணக்கிட்டால், சென்னையில் ஏறத்தாழ 12.10 மணிக்கு உச்சியை அடையும் சூரியன், இங்கு சராசரியாகப் பிற்பகல் 1.05 மணிக்கும், பிப்ரவரியில் 1.20 மணியை ஒட்டியும் உச்சியை அடைகிறது. 'உச்சிவெயில் பன்னிரண்டு மணிக்கு' என்ற பழக்கத்தோடு தமிழகத்திலிருந்து வரும் ஊழியர் ஒருவர், பன்னிரண்டு முதல் ஒன்றுவரை உணவு இடைவேளை முடித்துக் கட்டுமானத் தளத்துக்குத் திரும்பும்போது, வெயில் தணிந்துவிட்டதாக நம்பியபடியே அதன் முழு வலிமைக்குள் நுழைகிறார். புற ஊதாக் கதிர் வெப்பத்தைப்போல் தோலில் உறைக்காது. மெல்லிய மேகத்தையும் அது எளிதில் ஊடுருவிவிடும்.

இவை இவ்விதழின் வாசகர்களான குடும்ப மருத்துவர்களும் தோல் மருத்துவர்களும் மருந்தாளர்களும் அறியாதவை அல்ல. ஆனால் அறிந்தவை நோயாளியிடம் சென்று சேரும்போது எந்த உருவத்தில் சேருகின்றன என்பதே இவ்வுரையின் கவலை. தமிழ்ப் பேச்சில் வெயில்காப்பு என்பது பெரும்பாலும் 'கறுத்துப் போகாமல் இருக்க' என்ற ஒரே காரணத்தோடு கட்டுண்டு கிடக்கிறது. மருத்துவ அறைகளும் அந்தக் கட்டை அவிழ்ப்பதற்கு மாறாக இறுக்கியே வந்துள்ளன.

இந்தக் கட்டின் வரலாற்றில் 1975 ஒரு விந்தையான ஆண்டு. தோலைச் சூரிய ஒளிக்கு அது காட்டும் எதிர்வினையை வைத்து வகைப்படுத்தும் முறையை ஆர்வர்டு பல்கலைக்கழகத்தின் தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக் வெளியிட்டது அவ்வாண்டில். ஐட்ரோகுவினோன், டிரெட்டினாயின், டெக்சாமெத்தசோன் என்னும் மூன்றையும் கலந்து நிறமியைக் குறைக்கும் சூத்திரத்தை ஆல்பர்ட் கிளிக்மனும் வில்லிஸும் அறிவித்ததும் அவ்வாண்டில். இந்துஸ்தான் லீவர் நிறுவனம் 'ஃபேர் அண்டு லவ்லி' களிம்பை இந்தியச் சந்தையில் இறக்கியதும் அவ்வாண்டில்தான். ஒன்றுக்கொன்று தொடர்பின்றிப் பிறந்த இம்மூன்றும் பிற்காலத்தில் ஒரே நோயாளியின் முகத்தில் வந்து சந்தித்தன. ஃபிட்ஸ்பேட்ரிக் தம் வகைப்பாட்டை, காளாஞ்சகப்படை நோய்க்கான ஒளிச் சிகிச்சையில் எவ்வளவு கதிர் கொடுத்தால் வெள்ளையர் தோல் வேகாது என்று தீர்மானிப்பதற்காக நான்கு வகைகளோடு தொடங்கினார். பழுப்பு, கருந்தோல்களுக்குரிய ஐந்தும் ஆறும் பின்னர் சேர்க்கப்பட்டவை. 'எளிதில் வேகுமா, கறுக்குமா' என்ற கேள்விக்கு விடைதர எழுந்த அளவுகோல், இன்று 'எவ்வளவு வெளுப்பு' என்பதற்கான பட்டியலாகவே படிக்கப்படுகிறது.

எல்லா மனிதரின் தோலிலும் நிறமிச் செல்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றே. அவை உருவாக்கும் மெலனின் பொதிகளின் அளவு, பரவல், மெலனினின் வகை ஆகியவற்றால்தான் நிறம் வேறுபடுகிறது. கருந்தோலின் மேலடுக்கு ஏறத்தாழ 13 என்னும் காப்புக் காரணிக்கு நிகரான தடுப்பைத் தருவதையும், வெள்ளைத் தோலின் மேலடுக்கு 3-ஐச் சற்றே தாண்டுவதையும் 1979-இல் வெளிவந்த ஆய்வொன்று அளந்து காட்டியது. காப்புக் காரணி என்பது தோல் சிவக்க வேண்டிய கதிரளவு எத்தனை மடங்கு உயர்கிறது என்பதைக் குறிக்கும் எண். 1968-இலிருந்து பதிவாகிவரும் சிங்கப்பூரின் புற்றுநோய்த் தரவுகளிலும், வெளிர்தோல் மிகுந்த சீனரிடையே தோல் புற்றுநோய் மலாய்க்காரரிடமும் இந்தியரிடமும் காண்பதைவிடத் தெளிவாகக் கூடுதலாக உள்ளது. ஆக, வெளிர்தோல் ஒரு வரமோ குறையோ அன்று. குறைவான இயற்கைக் காப்போடு இயங்கும் தோல், அவ்வளவே.

தமிழ்க் குடும்பத்தில் 'சிவப்பாக' பிறந்த குழந்தைக்குக் கிடைக்கும் பாராட்டு இந்த எளிய உண்மையை மறைத்துவிடுகிறது. நிறமே நலம் என்று கருதப்படுவதால், அக்குழந்தையின் தோல் விரைவில் வேகக்கூடியது என்பதை எவரும் சொல்வதில்லை. நீச்சல் வகுப்பிலிருந்து சிவந்த தோள்களோடு திரும்பினால்கூட 'கறுத்துவிடுமே' என்ற கவலையே முன்னுக்கு வருகிறது. மறுபுறம், மெலனின் உருவாக்கத்தில் பிறவிக்குறை உள்ளவர்கள், அதாவது வெளிறல் நிலையோடு பிறந்தவர்கள், தம் நிறத்துக்காகவே ஒதுக்கப்படுகின்றனர். பெற்றோர் இருவரிடமிருந்தும் மாறிய மரபணு வந்தால் மட்டுமே தோன்றும் இந்நிலையில், தோலோடு கண்ணும் பாதிக்கப்படுவதால் முழுக்கைச் சட்டை, அகன்ற விளிம்புத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி ஆகியவை ஒப்பனை அல்ல, அன்றாடத் தேவை. ஐக்கிய நாடுகள் அவை சூன் 13-ஐ இவர்களுக்கான விழிப்புணர்வு நாளாக 2014-இல் அறிவித்தது; அந்நாளைக் குறித்துக்கொண்டு ஆண்டுக்கொரு முறை சுவரொட்டி ஒட்டுவதோடு நிறைவடைவது மருத்துவத் துறையின் வழக்கமான சோம்பல்.

வெண்புள்ளி உள்ளவர்களின் நிலை இன்னும் நுட்பமானது. 311 நானோமீட்டர் அலைநீளத்தில் தரப்படும் குறுகிய அலைவரிசைப் புற ஊதா-பி ஒளியே அவர்களுக்குச் சிகிச்சை. அதே வேளையில் நிறமற்ற திட்டுகள் வெயிலில் வெந்துவிடக்கூடும். வெந்த இடத்தில் புதுத் திட்டு தோன்றவும் கூடும். ஒளியை மருந்தாகத் தந்துவிட்டு வெயிலை விலக்கச் சொல்லும்போது நோயாளி குழம்புவதில் தவறில்லை. அளவிட்ட ஒளிக்கும் அளவிடாத ஒளிக்கும் உள்ள வேறுபாட்டை விளக்காமல் விட்டால் தவறு மருத்துவருடையது. வெண்புள்ளி உள்ளவர்களுக்குத் தோல் புற்றுநோய் குறைவாகவே காணப்படுகிறது என்ற 2013-ஆம் ஆண்டு நெதர்லாந்து ஆய்வின் முடிவையும் அவர்களிடம் சொல்வது நன்று. அச்சத்தைக் காட்டிப் பூசச் சொல்லும் களிம்பு நெடுநாள் பூசப்படுவதில்லை. நிறத்தை மீட்கும் சிகிச்சையே வேண்டாம், திட்டுகளோடு வாழ்கிறேன் என்று தெளிவாக முடிவெடுத்தவரை மீண்டும் மீண்டும் சிகிச்சைக்கு இழுப்பதும் முறையாகாது. அவருக்குத் தேவை வெயில்காப்பு மட்டுமே.

இத்துறையினரிடையே ஒரு வாதம் அடிக்கடி எழுகிறது: வெளுக்கும் ஆசையாலாவது மக்கள் சன்ஸ்கிரீன் பூசட்டுமே, நோக்கம் எதுவானால் என்ன, பயன் ஒன்றுதானே. நடைமுறை அறிவு போலத் தோன்றும் இவ்வாதம் இரண்டு இடங்களில் உடைகிறது. வெளுப்பின்மேல் நாட்டமில்லாதவர், அல்லது அதைத் தமக்குரியதன்று என்று கருதும் ஆண்கள், முதியோர், வெளிப்புற ஊழியர் ஆகியோரை இந்த அழைப்பு தொடக்கத்திலேயே விலக்கிவிடுகிறது. வெளுக்கும் என நம்பிப் பூசியவரோ, சில மாதங்களில் நிறம் மாறவில்லை என்று கண்டதும் சன்ஸ்கிரீனைக் கைவிட்டு, வேகமாக வெளுக்கும் வேறொன்றைத் தேடிச் செல்கிறார். அவ்வாறு வேகமாக வெளுப்பவை பெரும்பாலும் பாதரசமோ வலுவான ஸ்டீராய்டோ கலந்தவை.

சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையம் இத்தகைய களிம்புகளில் பாதரசம், ஐட்ரோகுவினோன், டிரெட்டினாயின், குளோபெட்டசால் ஆகியவற்றைக் கண்டறிந்து எச்சரிக்கை வெளியிட்டுவருகிறது. ஆசியான் ஒப்பனைப்பொருள் விதிகள் இவற்றை வெளுப்புக் களிம்பில் சேர்க்க இடமளிப்பதில்லை. பாதரசம் மெலனினை உருவாக்கும் டைரோசினேசு நொதியை முடக்கி உண்மையிலேயே வெளுக்கச் செய்கிறது; அதே பாதரசம் தோல் வழியே உட்சென்று சிறுநீரகத்தைப் பழுதாக்குவதோடு, ஒரே துண்டையும் தலையணையையும் பகிரும் குழந்தையின் உடலிலும் சேர்கிறது. ஸ்டீராய்டு தொடக்கத்தில் முகத்தைப் பளிச்சென்று ஆக்கி, பின்னர் தோலை மெலியச் செய்து, நுண்குழாய்களை வெளிக்காட்டி, பருவையும் முடியையும் பெருக்கி, நிறுத்தினால் எரிச்சலால் மீண்டும் பூசவைக்கிறது. இந்தியாவில் 2018-இல் இத்தகைய 14 மேற்பூச்சு ஸ்டீராய்டுகள் மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாதவையாக்கப்பட்டன. ஆனாலும் ஊருக்குப் போய்வரும் உறவினரின் பெட்டியில் மிக்சர், முறுக்கோடு ஒரு சிறு குழாயும் வந்துசேர்வது நிற்கவில்லை. பெயர்பெற்ற நிறுவனத்தின் பொருளும் விதிவிலக்கன்று: 2013-இல் யப்பானின் கானெபோ நிறுவனம் ரோடோடெண்ட்ரால் கலந்த வெளுப்புக் களிம்புகளைத் திரும்பப் பெற்றபோது, வெண்புள்ளி போன்ற திட்டுகளுக்கு ஆளானவர்கள் இருபதாயிரத்தை நெருங்கினர்.

மருத்துவரின் பங்கையும் மறைக்க இயலாது. கிளிக்மன் சூத்திரத்தின் வழிவந்த கூட்டுக் களிம்பு மங்கு என்னும் முகக் கருந்திட்டுக்கு நல்ல மருந்து. சில வாரங்களுக்கு என்று எழுதப்பட்ட அதுவே ஆண்டுக்கணக்கில் நீள்வது, நிறுத்தும் நாள் சீட்டில் எழுதப்படாததால்தான். சிங்கப்பூரில் 2008-இல் வகுக்கப்பட்ட அழகியல் மருத்துவ வழிகாட்டுதல்கள் வெளுப்பு ஊசிகளைச் சான்று குறைந்த சிகிச்சைகளின் பட்டியலில் வைத்தன என்பதும் இங்கே நினைவுகூரத்தக்கது.

மங்குத் திட்டைப் பொறுத்தவரை, வெயில்காப்பு பற்றிய பழைய பாடத்தில் ஓர் இடைவெளி இருந்தது. புற ஊதா-பி தோலைச் சுடுகிறது, புற ஊதா-ஏ சன்னல் கண்ணாடியையும் கடந்து ஆழ ஊடுருவுகிறது என்பதோடு பாடம் முடிந்துவிடும். பழுப்பும் கறுப்புமான தோல்களில் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் நீல ஊதாப் பகுதியும் நெடுநாள் நிற்கும் கருமையை உண்டாக்குகிறது என்பதை 2010-ஐ ஒட்டிய ஆய்வுகள் காட்டின. சாதாரண சன்ஸ்கிரீன் இதைத் தடுப்பதில்லை. இரும்பு ஆக்சைடு கலந்து நிறமூட்டிய வகைகள் தடுக்கின்றன. துத்தநாக ஆக்சைடும் டைட்டேனியம் டை ஆக்சைடும் மாநிறத் தோலில் சாம்பல் பூசியதுபோல் நிற்பதால் அவற்றை வெறுத்தவர்களுக்கும் இவையே தீர்வு. எனினும் கடைகளில் கிடைக்கும் நிறச் சாயல்கள் பெரும்பாலும் வெளிர்தோலுக்கே பொருந்துபவை. காப்புக் காரணி 50 என்னும் எண்ணைத் தேடி அலைவதைவிட அளவாகப் பூசுவதே முதன்மை: புற ஊதா-பி கதிரில் 30 ஏறத்தாழ 97 விழுக்காட்டையும் 50 ஏறத்தாழ 98 விழுக்காட்டையும் தடுக்கின்றன, ஆனால் சோதனைக்கூடம் சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசி அளந்த அந்த எண்கள், வீட்டில் அதில் பாதிகூடப் பூசாத முகத்துக்குப் பொருந்தமாட்டா. வைட்டமின் டி குறையும் என்ற அச்சத்துக்கு விடை உணவிலும் மாத்திரையிலும் உள்ளது, உச்சிவெயிலில் இல்லை.

எலுமிச்சை பற்றியும் ஒரு சொல். நிறம் வெளுக்கும் என்று கடலை மாவோடு எலுமிச்சைச் சாற்றைக் குழைத்துப் பூசி, சரியாகக் கழுவாமல் வெயிலில் இறங்குபவருக்கு, சாற்றில் உள்ள ஃபூரோகூமரின்களும் புற ஊதா-ஏ கதிரும் சேர்ந்து கொப்புளத்தையும் மாதக்கணக்கில் நிற்கும் கருந்தழும்பையும் தரக்கூடும்.

களிம்பைவிட நிழல் மலிவானது. அதை இந்நகரம் பழங்காலம் தொட்டு அறிந்திருக்கிறது. 1822-ஆம் ஆண்டின் ராஃபிள்ஸ் நகரத் திட்டம் கடைவீடுகளின் முகப்பில் கூரையிட்ட நடைவழியைக் கட்டாயமாக்கியதன் பயனாகத்தான் சிராங்கூன் சாலையிலும் கேம்பல் லேனிலும் ஐந்தடி நிழல் இன்றும் தொடர்கிறது. ஞாயிறுதோறும் அந்நிழலில் கூடும் ஊழியர்கள் மற்ற ஆறு நாளும் நிழலற்ற தளங்களில் நிற்பவர்கள். மனிதவள அமைச்சு 2023 அக்டோபரில் வகுத்த வெப்ப அழுத்த விதிகள், ஈரக்குமிழ் கோள வெப்பநிலை (வெப்பம், ஈரப்பதம், காற்று, கதிர்வீச்சு ஆகியவற்றைச் சேர்த்து அளக்கும் எண்) 32 பாகையைத் தொட்டால் கடும் உடலுழைப்பில் உள்ளவர்களுக்கு மணிக்குப் பத்து நிமிடமேனும், 33-ஐத் தொட்டால் பதினைந்து நிமிடமேனும் நிழலில் ஓய்வு தரப் பணிக்கின்றன. அவை வெப்பத்துக்கானவை, புற ஊதாக் கதிருக்குத் தனி வரம்பு இல்லை. மெலனோமா அல்லாத தோல் புற்றுநோய் இறப்புகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று வெயிலில் வேலை செய்வதோடு தொடர்புடையது என்று உலகச் சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் அதே ஆண்டு நவம்பரில் மதிப்பிட்டன. கருந்தோலின் காப்பால் தமிழ் ஊழியருக்கு அந்த இடர் குறைவு என்றாலும், கண்புரையும் உதட்டு மாற்றங்களும் மங்குத் திட்டுகளும் அக்காப்பைப் பார்த்து ஒதுங்குபவை அல்ல. மருந்தகத்துக்கு வரும் ஊழியரிடம் முழுக்கை உடை, தலைக்கவசத்தோடு இணையும் கழுத்துத் துணி, கண்ணாடி ஆகியவற்றைப் பற்றிக் கேட்கும் வழக்கம் இன்னும் அரிதாகவே உள்ளது.

பலதுறை மருந்தகத்திலும் தேக்காவை ஒட்டிய தனியார் மருந்தகத்திலும் உடனே செய்யத்தக்கவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. முகத்தில் திட்டோடு வருபவரிடம் வீட்டில் உள்ள எல்லாக் குழாய்களையும், பெயரில்லாத டப்பிகள் உட்பட, அடுத்த முறை கொண்டுவரச் சொல்வது. வெளுப்புக் களிம்பா என்று கேட்டால் இல்லை என்பவரும், 'முகத்துக்கு வேறு என்ன போடுகிறீர்கள்' என்றால் சொல்லிவிடுவர் என்பதால் கேள்வியை அவ்வாறே வைப்பது. ஐட்ரோகுவினோனோ ஸ்டீராய்டோ எழுதினால் நிறுத்தும் நாளைத் தமிழில் குழாயின்மேலேயே ஒட்டுவது. சன்ஸ்கிரீனை எழுதும்போது 'நிறம்' என்ற சொல்லை அறவே தவிர்த்து, தோலின் வகை, வேலை நேரம், பிற்பகல் ஒன்றையொட்டிய உச்சம் ஆகிய மூன்றை மட்டும் பேசுவது. மருந்தாளர்கள் தம் பங்குக்கு, வெயில்காப்புப் பொருள்களை வெளுப்புப் பொருள்கள் உள்ள தட்டிலிருந்து எடுத்துக் காயக்கட்டுத் துணியும் கிருமிநாசினியும் இருக்கும் தட்டில் வைத்துப் பார்க்கலாம்.