காகிதத்தில் இல்லாத வரி

விமானப் படைத் தளத்துக்கு அருகே உள்ள முடிச்சூரில், தலைக்கு மேல் இரைச்சல் கேட்டால் பாடத்தை நிறுத்திவிட்டுக் காத்திருப்பது நமது வழக்கம். அப்படிக் காத்திருந்த ஒரு நாள், மாணவன் ஒருவனின் தாயார் ஒரு காகிதத்துடன் வந்தார். லீவு முடிந்தும் திரும்பவில்லை என்று அவர் கணவரைப் பட்டாளத்திலிருந்து நீக்கிய உத்தரவு அது.

"எல்லையிலிருந்து வந்த நாள் முதல் அவருக்கு ராத்தூக்கமே இல்லை, ஸார்" என்றார். உத்தரவில் தூக்கத்தைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.

இது புதிய கதையன்று. 1914-18 மகாயுத்தத்தில், ஓடிப்போனது, கோழைத்தனம் முதலிய குற்றங்களுக்காகச் சுட்டுக் கொன்ற 306 சிப்பாய்களைப் பிரிட்டிஷ் சர்க்கார் மன்னித்தது 2006-இல்! அவர்களில் எத்தனை பேர் குண்டு அதிர்ச்சியால் புத்தி பேதலித்தவர்களோ? வியட்நாம் யுத்தத்தில் மனம் சிதைந்து, அவப்பெயருடன் விலக்கப்பட்டவர்களின் மனுக்களைத் தாராளமாகப் பரிசீலிக்கும்படி அமெரிக்காவில் 2014-இல் உத்தரவு பிறந்தது.

நமது தேசத்தில், டிஸ்மிஸ் ஆனவருக்குப் பொதுவாகப் பென்ஷன் கிடையாது. மனோவியாதிக்காக 1977-இல் அனுப்பப்பட்ட ஒரு சிப்பாயை வைத்தியர்கள் மறுபடி சோதிக்கவேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2013-இல் கட்டளையிட்டது. காரணம் கூறாத வைத்திய அபிப்பிராயத்தை அது வேதவாக்காகக் கொள்ளவில்லை. ஆனால் அவர் நோய்க்காக அனுப்பப்பட்டவர், குற்றத்துக்காக அல்ல. இந்த அம்மாளின் வழக்கு அதைவிடக் கடினம். ஆயினும், 2007-ஆம் வருஷச் சட்டப்படி அமைந்த ஆயுதப் படைத் தீர்ப்பாயத்தின் கிளை சென்னையிலேயே இருக்கிறது. இறுதி உத்தரவு வந்த ஆறு மாதத்துக்குள் மனுச் செய்யவேண்டும். தக்க காரணம் காட்டினால் தாமதத்தைப் பொறுப்பதுண்டு.

ஆஸ்பத்திரிச் சீட்டு ஏதேனும் உண்டா என்று கேட்டோம். மறுநாள் அம்மாள் இரண்டு சீட்டுகள் கொண்டுவந்தார். இரண்டிலும் தூக்க மாத்திரை எழுதியிருந்தது. தேதி, அவர் லீவில் வருவதற்கு முந்திய மாதம்.