செல்போனில் ஒரு ஷிப்ட்

மாரிகுப்பத்திலிருந்து விடியற்காலையில் பெங்களூருக்குப் புறப்படும் ரயிலில் ஆண்டர்சன்பேட்டை இளைஞர்களுக்கு இரண்டே வேலைகள். ஒன்று தூக்கம். மற்றொன்று செல்போனில் துப்பாக்கிச் சண்டை. 2001 பிப்ரவரி 28இல் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகு தங்கவயல் தமிழர்களின் பிழைப்பு ரயில் ஏறிவிட்டது. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து பூமிக்குள் இறங்கிய குடும்பங்களின் பேரப் பிள்ளைகள், தினமும் போக வர 200 கிலோமீட்டர் பயணம் செய்து சம்பாதிக்கிறார்கள். அப்படியிருக்க, உட்கார்ந்த இடத்தில் விளையாடியே லட்சங்கள் வாங்கலாம் என்று யாராவது சொன்னால் காது நீளத்தானே செய்யும்?

சொல்வது பொய்யும் அல்ல. 'பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா' (சுருக்கமாக பிஜிஎம்ஐ) என்ற விளையாட்டின் 2021ஆம் ஆண்டுத் தொடருக்கு மொத்தப் பரிசு ரூ. 1 கோடி. 2022 ஜனவரியில் முடிந்த இறுதிச் சுற்றில் வென்ற ஸ்கைலைட்ஸ் கேமிங் அணிக்கு அதில் பாதி கிடைத்தது. ஓர் அணியில் களமிறங்குவது நால்வர். ஒரே ஆட்டத்தில் 16 அணிகள், அதாவது 64 பேர். கடைசிவரை உயிரோடு இருப்பதற்குப் புள்ளிகள் உண்டு. எதிரியை வீழ்த்தும் ஒவ்வொரு முறைக்கும் ஒரு புள்ளி. எங்கே குதிப்பது, எப்போது பதுங்குவது என்று தலைவர் காதில் சொல்லிக்கொண்டே இருப்பார். அவர் பேச்சை மீறுகிறவர் சீக்கிரம் சாவார். பெரிய அணிகளில் சம்பளம், பயிற்சியாளர், எல்லோரும் சேர்ந்து தங்கிப் பயிற்சி செய்ய ஒரு வீடு என்று ஏற்பாடுகள் உண்டு. பொழுதுபோக்கு என்று நினைத்து உள்ளே போகிறவர், அங்கேயும் ஷிப்ட் இருப்பதைக் கண்டுகொள்வார்.

அரசாங்கமும் மனம் இறங்கிவிட்டது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இ-ஸ்போர்ட்ஸ் வெறும் காட்சிப் போட்டி. அதில் தீர்த் மேத்தா வாங்கிய வெண்கலம் பதக்கப் பட்டியலில் ஏறவில்லை. 2022 டிசம்பரில் மத்திய அரசு இதை விளையாட்டு அமைச்சகத்தின் பொறுப்பில் சேர்த்தது. 2023இல் ஹாங்ஜோவில் அது முழுப் பதக்கப் போட்டியாயிற்று. 2025 ஆகஸ்ட் 22இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களைத் தடை செய்தது; நடத்துகிறவருக்கு மூன்றாண்டுவரை சிறை. அதே சட்டம் இ-ஸ்போர்ட்ஸைத் தனியே பிரித்து அங்கீகரிக்கிறது. நுழைவுக் கட்டணமும் பரிசும் இருக்கலாம், பந்தயம் மட்டும் கூடாது. ரம்மியும் இதுவும் ஒன்றுதான் என்று பிள்ளையைத் திட்டும் தந்தை இனி வேறு காரணம் தேட வேண்டும்.

காரணம் இருக்கிறது. கால்பந்துக்கு உரிமையாளர் கிடையாது. ஒரு மைதானத்தை மூடினால் பந்தை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போகலாம். இங்கே பந்து, மைதானம், விதி எல்லாமே ஒரு கம்பெனியின் சொத்து. 2020 செப்டம்பர் 2இல் பப்ஜி தடை செய்யப்பட்டது. தென்கொரியாவின் கிராஃப்டான் நிறுவனம் 2021 ஜூலையில் அதையே பிஜிஎம்ஐ என்று பெயர் மாற்றிக் கொண்டுவந்தது. 2022 ஜூலை 28இல் அதுவும் ஆப் கடைகளிலிருந்து மறைந்தது. மறுபடி வந்தது 2023 மே மாதத்தில். பத்து மாதங்கள்! விரல் வேகத்தை நம்பிப் பிழைக்கும் 20 வயதுக்காரருக்குப் பத்து மாதம் என்பது சின்ன விஷயம் அல்ல. யாருடைய ஆட்டமும் மோசமானதால் இது நடக்கவில்லை. டெல்லியில் ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். கம்பெனி நின்றால் ஊரே நிற்கும் என்பதைத் தங்கவயலுக்கு வெளியார் வந்து சொல்லித் தர வேண்டியதில்லை.

கொஞ்சம் பத்திரமானவர்கள் சதுரங்கக்காரர்கள். மதுரையின் அரவிந்த் சிதம்பரமும் கேரளத்தின் நிஹால் சரினும் 2025இல் எஸ்8யூஎல் என்ற இந்திய இ-ஸ்போர்ட்ஸ் அணியில் சேர்ந்தார்கள். அந்த ஆண்டு ரியாத்தில் நடந்த இ-ஸ்போர்ட்ஸ் உலகக் கோப்பையில் சதுரங்கமும் இடம்பெற்று, கார்ல்சன் வென்றார். இணையதளம் எதுவும் நாளை மூடிக்கொண்டாலும் அரவிந்துக்குப் பலகையும் காய்களும் மிஞ்சும்.

ஆண்டர்சன்பேட்டைப் பையனிடம் ஓர் அணி கையெழுத்துக் கேட்டு வந்தால்? 18 வயது நிரம்பாதவர் போடும் ஒப்பந்தம் இந்தியச் சட்டப்படி செல்லாது. எனவே தாளைப் பெற்றோர் பார்த்தே ஆக வேண்டும். பரிசுப் பணத்தில் அணிக்கு எத்தனை பங்கு, நடுவில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும், ஆட்டமே தடை செய்யப்பட்டால் அந்த மாதங்களுக்குச் சம்பளம் உண்டா என்பவை பின்பக்கங்களில் இருக்கும். சுரங்கத்தை மூடியதை எதிர்த்தும் பாக்கி கேட்டும் வருடக்கணக்கில் நீதிமன்றம் ஏறிய ஊர் அது. பொடி எழுத்தைப் படித்துச் சொல்ல அங்கே தாத்தாக்களுக்குப் பஞ்சமில்லை.