நாடாவில் இல்லாத பெயர்

அமெரிக்க விமானப்படைப் பிரிவுகளின் கொடிக்கம்ப உச்சியில் வண்ண நாடாக்கள் தொங்குவதைப் படங்களில் கண்டிருப்பீர்கள். ஆங்கிலத்தில் ஸ்ட்ரீமர் என்பர். அப்பிரிவு பங்கேற்ற போர்த்தொடரின் பெயர் அதில் பொறிக்கப்பட்டிருக்கும். தனிப் போர்ப்பதக்கம் இல்லாத கடல்கடந்த படையெடுப்புகளுக்கென்றே ஒரு நாடா உண்டு. 1961 டிசம்பரில் கென்னடியின் ஆணையால் பிறந்த பதக்கத்தின் வண்ணங்களைக் கொண்டது அது. கிரெனடா, 1983 என்பதுபோல் இடத்தையும் ஆண்டையும் தாங்கி நிற்கிறது.

வீரனின் சேவையைப் போற்றுவதில் என்ன பிழை என்று கேட்பார்கள். பிழையில்லை. 1986 ஏப்ரலில் பிரான்சு வான்வழி தர மறுத்ததால், இங்கிலாந்திலிருந்து ஐபீரியத் தீபகற்பத்தைச் சுற்றிக்கொண்டு லிபியாவுக்குப் பறந்தன விமானங்கள். அவற்றுள் ஒன்று திரும்பவில்லை. அதிலிருந்த இருவரை அவர்களது படைப்பிரிவு நினைவுகூர்வது மனித இயல்பு. எமது சண்டை நாடாவோடு அன்று. அதில் பொறிக்கப்படும் சொற்களோடு.

வியட்நாம் போருக்கான விமானப்படை நாடாக்களை ஒரு பிரதியைப்போல் வாசித்துப் பாருங்கள். 1970 ஜூலை முதல் நவம்பர் வரையிலான போர்த்தொடரின் பெயர் 'தென்மேற்குப் பருவமழை'. அடுத்து வருபவை 'கமாண்டோ ஹன்ட்' ஐந்து, ஆறு, ஏழு. கமாண்டோ ஹன்ட் என்பது லாவோஸ் வழியே சென்ற ஹோ சி மின் பாதையின் மீதான குண்டுவீச்சு. அந்நாட்டின் பெயரோ அத்தொடர்களின் பெயரில் இல்லை.

1964 முதல் 1973 வரை லாவோஸ் மீது விழுந்த குண்டுகள் இருபது லட்சம் டன்னுக்கும் மேல். கொத்துக்குண்டுகளிலிருந்து சிதறியவற்றுள் கோடிக்கணக்கானவை வெடிக்காமல் மண்ணில் தங்கின. அரை நூற்றாண்டு கழிந்தும் வயலில் மண்வெட்டி போடுகிறவர்கள் அவற்றுக்குப் பலியாகிறார்கள்.

பருவத்தைக் குறிக்க வைத்த பெயர்தானே என்பார்கள். ஆம், அதுவே எமது குற்றச்சாட்டு. செய்தவர் மறைந்து வானிலை மட்டும் மிஞ்சுகிறது. மழைக்காக வானத்தை அண்ணாந்து பார்க்கும் உழவனின் மீது விழுந்தவற்றுக்கு மழையின் பெயர்!

வீரர்களின் பெயரால் இக்கேள்வியை அடக்குவது அவர்களுக்கும் மரியாதை அன்று. எங்கே அனுப்பப்பட்டார்கள் என்பதைச் சொல்லாத நாடா அவர்களையும் ஏமாற்றுகிறது. கிரெனடா என்று தைக்கத் தெரிந்த ஊசிக்கு, கமாண்டோ ஹன்ட் என்ற சொற்களின் அருகே லாவோஸ் என்று தைப்பது கடினமான வேலை அன்று.