நாம் குடிப்பது யார் விட்ட தண்ணீர்?

எங்கள் ஓட்டப்பிடாரம் பக்கம் வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். கரிசல் மண். பருத்தி, உளுந்து, கம்பு, மிளகாய் என்று எல்லாமே வானத்தைப் பார்த்துத்தான். ஓடுகிற ஆறு கிடையாது. மழை பெய்து கண்மாய் பெருகினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. போர் போட்டால் பல இடங்களில் உப்புத் தண்ணீர்தான் வரும். அதனால் குடிக்கிற தண்ணீருக்கு இந்தக் கரிசல் காடு நம்பி இருப்பது எங்கேயோ ஓடுகிற தாமிரபரணியைத்தான். கோவில்பட்டிக்குச் சீவலப்பேரியில் இருந்து குழாயில் வருகிறது. தூத்துக்குடிக்கு வல்லநாட்டுப் பக்கம் எடுக்கிறார்கள்.

சரி, இந்த இரண்டு ஊரும் எங்கே இருக்கிறது? திருநெல்வேலியைத் தாண்டி, ஆற்றின் கீழ்ப்பக்கம். அதாவது ஒரு பெரிய மாநகரம் குளித்து, துவைத்து, கழுவி விட்ட தண்ணீர் கலந்த பிறகுதான் ஆறு எங்களிடம் வருகிறது! திருநெல்வேலிக்கு ராமையன்பட்டியில் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. ஆனால் எல்லாத் தெருக்களின் கழிவுநீரும் அங்கே போய்ச் சேரவில்லை. பல இடங்களில் வாய்க்கால் வழியாகவும் நேராகவும் ஆற்றில்தான் விழுந்தது. 2024 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதிகள் இருவர் நேரிலேயே வந்து சாக்கடை கலக்கும் இடங்களைப் பார்த்தார்கள் என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம்.

"ஆத்துல விட்டா எல்லாம் அடிச்சிட்டுப் போயிடும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது முழுக்கப் பொய் இல்லை. ஆற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்றுவிடும். ஆனால் அப்படித் தின்பதற்கு அவற்றுக்கு ஆக்சிஜன் வேண்டும். அழுக்கு அளவுக்கு மீறினால் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் தீர்ந்துபோகும், மீன் சாகும், நாற்றம் வரும். கோடையில் ஆற்றில் ஓட்டம் குறையும்போது இன்னும் மோசம். சாக்கடையில் உள்ள சத்துகளை உண்டு ஆகாயத்தாமரை ஆற்றை மூடிக்கொள்ளும்.

சுத்திகரிப்பு நிலையம் செய்வதும் இதே வேலைதான். முதலில் குப்பையையும் மணலையும் பிரிக்கிறார்கள். பிறகு தொட்டியில் காற்றை ஊதி நுண்ணுயிர்களை வளர்த்து அழுக்கைத் தின்ன விடுகிறார்கள். சகதியைப் படிய வைத்து, மேலே தெளிந்த தண்ணீரில் கிருமி கொல்லும் மருந்து போடுகிறார்கள். ஆறு பல மைல் ஓடிச் செய்வதை இங்கே சில மணி நேரத்தில் முடிக்கிறார்கள், அவ்வளவுதான். இதைச் செய்யாமல் விட்டால் வயிற்றுப்போக்கு, டைபாய்டு, காலரா, மஞ்சள் காமாலை எல்லாம் தண்ணீரோடு சேர்ந்தே பயணம் செய்யும். "குடிநீரில்தான் குளோரின் போடுகிறார்களே?" என்று கேட்கலாம். போடுகிறார்கள். ஆனால் சாக்கடையில் இருந்து வரும் அம்மோனியாவும் அழுக்கும் அந்தக் குளோரினைத் தின்றுவிடும். அதிகம் போட வேண்டும், அளவு கொஞ்சம் தவறினாலும் கிருமி தப்பிவிடும். அதோடு, ஆற்றிலேயே இறங்கிக் குளிப்பவர்களுக்கு யார் குளோரின் போடுவது?

நான் படிப்பது பி.காம். அதனால் எனக்கு இது ஒரு கணக்குப் பிரச்சினையாகத்தான் தெரிகிறது. சுத்திகரிக்கச் செலவாகும், கரண்ட் பில் ஆகும் என்கிறார்கள். உண்மைதான். ஆனால் சுத்திகரிக்காமல் விட்டால் அந்தச் செலவு மறைந்துவிடுமா? மேலே இருக்கிறவன் பேரேட்டில் இருந்து கீழே இருக்கிறவன் பேரேட்டுக்கு மாறுகிறது. ஆஸ்பத்திரிச் செலவாக, கேன் தண்ணீர்ச் செலவாக, வேலைக்குப் போகாத நாளாக மாறுகிறது. எந்த நகராட்சி பட்ஜெட்டிலும் அது வராது.

இந்தக் கணக்கை ஒரு முறை நீதிமன்றமே போட்டுக் காட்டியது. திருப்பூர்ச் சாயக் கழிவு நொய்யலில் ஓடி, விவசாயத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையே சாயத் தொட்டி ஆன கதை எல்லோருக்கும் தெரியும். கீழே உள்ள விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், வெளியே விடும் கழிவுநீருக்கு லிட்டருக்கு 6 காசில் தொடங்கிப் படிப்படியாக உயரும் அபராதம் விதித்தது. அழுக்குத் தண்ணீருக்கு லிட்டர் கணக்கில் விலை! அதற்கும் முழுதாகச் சரியாகாததால் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடவே உத்தரவு வந்தது. பல ஆயிரம் பேருக்கு வேலை போனது. அதன் பிறகுதான் ஒரு சொட்டும் வெளியே விடாமல் தண்ணீரையும் உப்பையும் மீட்டுத் திரும்பப் பயன்படுத்தும் முறை அங்கே வேரூன்றியது. முன்பே செய்திருந்தால் அந்த வேலை இழப்பு வந்திருக்காது என்பதுதான் என் வருத்தம்.

சென்னையில் இதையே வரவாக மாற்றிக் காட்டினார்கள். 2019-இல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் தலா 4.5 கோடி லிட்டர் சாக்கடைத் தண்ணீரைத் தினமும் ஆர்.ஓ. வரை சுத்தம் செய்யும் நிலையங்கள் வந்தன. மணலி, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத் தொழிற்சாலைகளுக்கு அதை விற்கிறார்கள். தொழிற்சாலை எடுக்காத நல்ல தண்ணீர் ஜனங்களுக்கு மிச்சம்.

எங்கள் மாவட்டத்தில் நடந்ததோ தலைகீழ். தூத்துக்குடித் தொழிற்சாலைகளுக்காக ஸ்ரீவைகுண்டம் அணையில் இருந்து 20 எம்.ஜி.டி., அதாவது தினம் சுமார் 9 கோடி லிட்டர் ஆற்றுத் தண்ணீர் எடுக்கும் திட்டம் போட்டார்கள். விவசாயிகள் எதிர்த்து, பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. யோசித்துப் பாருங்கள்: பாய்லருக்கு ஆற்றுத் தண்ணீர், மனுசன் குடிக்கச் சாக்கடை கலந்த தண்ணீர்!

நான் கேட்பது இதுதான். திருநெல்வேலி, தூத்துக்குடி மாநகராட்சிகளின் கழிவுநீரைத் தொழிற்சாலைக்கு உகந்த அளவுக்குச் சுத்திகரித்து விற்கட்டும். அந்தப் பணத்தில் நிலையம் ஓடட்டும். ஆற்றுத் தண்ணீர் குடிக்கவும் வயலுக்கும் இருக்கட்டும். மழை இல்லாத ஊரில் பிறந்த எங்களுக்கு ஒரு குடம் தண்ணீரின் அருமை தெரியும். ஒரு நகரமே தினமும் கொட்டுகிற தண்ணீரைக் கழிவு என்று சொல்ல எங்களுக்கு மனசு வரவில்லை.