ஒழுகும் கூரை தோட்டத்தோடது, போகும் ஞாயிறு நம்மளோடது

மூலவெல்ல மலைக்குப் போகும் எங்கள் திட்டம் மூன்றாவது தடவையும் கைவிடப்பட்டது. நிவித்திகலையிலிருந்து அது ஒன்றும் தூர தேசமில்லை. கலவானைக்குப் பஸ், அங்கிருந்து வெத்தாகல, குடாவ. டிக்கெட் எடுத்து வழிகாட்டியோடு சிங்கராஜ வனத்துக்குள் நடந்தால் 760 மீற்றர் உயரத்தில் உச்சி. 1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்த காடு அது. எங்கெங்கோ இருந்து ஆட்கள் வருகிறார்கள். பக்கத்தில் இருக்கும் எங்களில் பாதிப் பேர் இன்னும் பார்த்ததில்லை.

முதல் தடவை ஒருத்தன் வீட்டுத் தகரம் காற்றில் கிளம்பியது. இரண்டாவது தடவை இன்னொருத்தியின் காம்பராவில் பின்சுவர் ஊறிச் சரிந்தது. மூன்றாவது தடவை மறுபடியும் கூரை. சனிக்கிழமை ராத்திரி "மச்சான், நாளைக்கு வர ஏலாது, அப்பாவோட கூரைக்கு ஏறணும்" என்று மெசேஜ் வந்தால், அப்புறம் யாரும் சப்பாத்தைத் தேடுவதில்லை. எல்லாரும் போய் ஏணியைப் பிடிப்போம்.

இதைச் சொன்னால் ரெண்டு பதில் வரும். ஒன்று: "உங்க வீடுதானே, திருத்துறதுல என்ன குறை?" மற்றது: "தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஹைக்கிங் ஒரு கேடா?"

முதலாவது பொய். அது எங்கள் வீடு இல்லை. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் நிர்வாகம் மறுபடி தனியார் கம்பனிகளிடம் போனது. நிலம் அரசுக்கு, நிர்வாகம் கம்பனிக்கு. இத்தனை கைமாறியும் லயத்தில் இருந்தவர் கைக்குக் காணி உறுதி வரவில்லை. இஸ்தோப்பை ரெண்டு அடி நீட்டினால் ஆபீசிலிருந்து ஆள் வந்து "யாரைக் கேட்டுக் கட்டினே?" என்பார். அதே கூரை ஒழுகினால் "இந்த வருசம் தகரம் வரல்ல, நீங்களே பாத்துக்கோங்க" என்பார். கட்டும்போது தோட்டத்து வீடு, ஒழுகும்போது நம்ம வீடு!

1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டமே, லயங்களையும் சுற்றாடலையும் சுகாதாரமாக வைத்திருப்பது தோட்டத் துரையின் கடமை என்றது. வெள்ளைக்காரன் காலத்தில் எழுதிய கடமையை, ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டும் இரத்தினபுரியில் இன்று எங்கள் அப்பாமார் ஞாயிற்றுக்கிழமைகளில் செய்கிறார்கள். 2024இல் நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. கூரைக்கு ஏறிய நாளுக்கு அதில் ஒரு சதமும் இல்லை. தகரமும் ஆணியும் தறப்பாளும் நம்ம காசு. வேலை இலவசம். அடுத்தவன் சொத்தைச் சம்பளமில்லாமல் பராமரிப்பதற்குப் பேர் வீட்டு வேலை இல்லை.

இரண்டாவது பதில், பொய்யைவிட மோசம். ஓய்வும் பொழுதும் எல்லா மனிதருக்கும் உரிமை என்கிறது 1948ஆம் ஆண்டின் மனித உரிமைப் பிரகடனம், 24ஆம் உறுப்புரை. லயத்துக்காரர் நீங்கலாக என்று அதில் இல்லை. பீக்கோ ட்ரெயில் என்ற நடைபாதை கண்டி ஹந்தானையில் தொடங்கி 300 கிலோமீற்றருக்கு மேல் போய் நுவரெலியாவில் முடிகிறது. அதில் பெரும்பகுதி பழைய தோட்டத்துப் பாதைகள். அந்தப் பாதைகளை வெட்டியது யார்? கொழுந்துக்கூடையோடு ஏறி இறங்கியது யார்? அதில் மற்றவர்கள் நடந்தால் ஓய்வு, நாங்கள் நடக்க ஆசைப்பட்டால் கொழுப்பா?

எங்கள் மேலும் குற்றம் உண்டு. கூரைக்கு ஏறியதைச் சிரமதானம் என்று சொல்லி, படம் எடுத்துப் போட்டுப் பெருமைப்பட்டோம். அதைப் பார்த்த பெரியவர்கள் "நல்ல பிள்ளைகள்" என்றார்கள். தகரம் தர வேண்டியவர்களும் அதையேதான் சொன்னார்கள். பாராட்டோடு விசயம் முடிந்தது. தகரம் வரவில்லை.

நனையும் பாட்டியை விட்டுவிட்டு மலைக்குப் போவோம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஏணி பிடிக்கத்தான் போகிறோம். ஆனால் இனிமேல் கணக்கு எழுதிக்கொண்டு போவோம். எந்தக் காம்பரா, என்ன திகதி, எத்தனை பேர், எத்தனை மணித்தியாலம், எத்தனை தகரம், எவ்வளவு செலவு. மாதக் கடைசியில் ஒரு பிரதி தோட்ட ஆபீசுக்கு, ஒன்று சங்கத்துக்கு, ஒன்று பிரதேச சபைக்கு. தோட்டத்துக்குள்ளே சபை காசு செலவழிக்க முடியாது என்ற பழைய சாட்டு இனிச் செல்லாது. 2018இல் பிரதேச சபைச் சட்டத்தைத் திருத்தி அதற்கு வழி செய்தாயிற்று.

கேட்பது ரெண்டுதான். உறுதியைக் கொடுங்கள், எங்கள் கூரையை நாங்களே சந்தோசமாகப் பார்த்துக்கொள்கிறோம். அதுவரைக்கும் அது உங்கள் கூரை. உங்கள் தகரத்தில், உங்கள் ஆட்களை வைத்து, வேலை நாளில் திருத்துங்கள்.

மூலவெல்லைக்கு நாலாவது திகதி குறித்திருக்கிறோம், ஏழு பேர். அன்றைக்கும் ஏதாவது ஒரு கூரை ஒழுகினால் போகமாட்டோம். ஆனால் அந்த மாதக் கணக்கில் தகரத்துக்கும் ஆணிக்கும் கீழே இன்னொரு வரி சேரும்: ஞாயிற்றுக்கிழமை, ஏழு.