பதினாறு ஆண்டுகள் காத்திருந்த இரு குறிப்புகள்

பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவரின் பணியை எதைக்கொண்டு அளப்பது என்ற கேள்விக்கு நம் காலம் எளிய விடையொன்றை வைத்திருக்கிறது: ஆண்டுக்கு எத்தனை ஆய்வுக்கட்டுரைகள், அவற்றை எத்தனை பேர் மேற்கோள் காட்டினர் என்று எண்ணிவிடுவது. இந்த அளவுகோலைச் சோதித்துப் பார்க்க, வேதியியலாளர் பால் கசுவோ குரோடாவின் வாழ்வைவிடப் பொருத்தமான சான்று இருக்கமுடியாது என்றே நாம் கருதுகிறோம்.

1917இல் ஜப்பானில் பிறந்த குரோடா, டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தில் பயின்று அங்கேயே ஆசிரியரானவர். வெந்நீர் ஊற்றுகளின் கதிரியக்கத்தை அளந்தது அவரது தொடக்ககாலப் புவிவேதியியல் பணி. 1949இல் அமெரிக்கா சென்ற அவர், 1952 முதல் 1987இல் ஓய்வுபெறும்வரை ஆர்கன்சா பல்கலைக்கழகத்தில் வேதியியல் கற்பித்தார்.

1956இல் அவர் இரண்டு சிறு குறிப்புகளை வெளியிட்டார். யுரேனியத்தில் எளிதில் பிளவுறும் 235 வகை இன்று 0.72 விழுக்காடுதான். 238 வகையைவிட அது விரைந்து சிதைவதால், காலத்தில் பின்னோக்கிச் செல்லச்செல்ல அதன் பங்கு கூடிக்கொண்டே போகும். 200 கோடி ஆண்டுகளுக்கு முன் அது ஏறத்தாழ 3.7 விழுக்காடு. அன்று செறிந்த தாதுப்படிவத்தோடு, நியூட்ரான்களின் வேகத்தைத் தணிக்கும் நீரும் சேர்ந்திருந்தால், தொடர்வினை தானாகவே மூண்டிருக்கும் என்று குரோடா கணக்கிட்டுக் காட்டினார். மனிதன் 1942இல் சிகாகோவில் முதன்முதலாகச் செய்ததை மண் எப்போதோ செய்திருக்கக்கூடும் என்பதே இதன் பொருள். அறிவியல் உலகம் அதைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை.

1972இல் பிரான்சின் பியர்லாட் ஆலையில் யுரேனிய மாதிரியொன்றைச் சோதித்தபோது, 0.7202 விழுக்காடு இருக்கவேண்டிய 235 வகை 0.7171 விழுக்காடே இருந்தது. அந்தச் சிறு குறையின் தடம், ஆப்பிரிக்காவின் காபோன் நாட்டிலுள்ள ஓக்லோ சுரங்கத்தில் போய் முடிந்தது. பிளவுவினையின் எச்சங்கள் அங்கே பாறைக்குள் கிடந்தன. குரோடாவின் கணக்கு மெய்யாகிவிட்டது.

இடைப்பட்ட பதினாறு ஆண்டுகளில் எந்த மதிப்பீட்டுக் குழு அந்த இரு குறிப்புகளுக்கு உயர்ந்த மதிப்பெண் வழங்கியிருக்கும்?

பொதுப்பணத்தில் இயங்கும் நிறுவனம் ஆசிரியரிடம் கணக்குக் கேட்பது நியாயம்தானே என்பர். நியாயமே. ஆனால் ஆண்டுதோறும் அறுவடை செய்யும் பயிருக்கான கணக்கைப் பனைக்கும் பொருத்துவது எப்படி நியாயமாகும்? குரோடா அந்தப் பதினாறு ஆண்டுகளும் சோர்ந்திருக்கவில்லை. சூரியக் குடும்பத்தின் இளமையில் புளூட்டோனியம்-244 இருந்திருக்கவேண்டும் என்று 1960இல் கூறினார். அதன் தடயமான செனான் வாயுவை, தம் மாணவருடன் சேர்ந்து பசமோண்டே விண்கல்லில் கண்டு 1965இல் வெளியிட்டார். கற்பித்தலும் ஆய்வும் ஒரே மேசையில் நிகழ்ந்தன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

குரோடா 2001இல் மறைந்தார். ஓக்லோவைக் காணும் வாய்ப்பேனும் அவருக்கு வாய்த்தது. கணிப்பு மெய்ப்படும் முன்பே எண்ணிக்கைக்கு அஞ்சித் தம் கேள்வியைக் கைவிட்ட ஆசிரியர்கள் எத்தனை பேர் என்பதை எந்தப் பட்டியலும் சொல்லாது. பல்கலைக்கழகங்கள் கணக்கிடவேண்டிய இழப்பு அதுவே என்பது நம் கருத்து.