வாடகைக் கணக்கும் வழிநடைக் கணக்கும்

கோடைக்காலம் கழிந்து கல்லூரிப் பரீட்சை முடிவுகள் வெளிவரும் நாட்களில், அருப்புக்கோட்டைப் பேருந்து நிலையத்தில் சென்னை வண்டிகள் புறப்படும் பக்கமாக இரவில் சற்று நேரம் நின்று பார்த்தால், தோளில் ஒரு பையும் கையில் ஒரு பாத்திர மூட்டையுமாக முதன்முறை ஊரைவிட்டுப் போகும் பிள்ளைகளையும், சொல்ல வேண்டியதையெல்லாம் வீட்டிலேயே சொல்லிவிட்டபடியால் இப்போது பேச ஒன்றுமின்றி அருகில் நிற்கும் பெற்றோரையும் காணலாம். திருச்சுழியிலிருந்தும் நரிக்குடியிலிருந்தும் பந்தல்குடியிலிருந்தும் வந்து சேரும் அக்குடும்பத்தார், ஓய்வுபெற்ற ஆசிரியன் என்ற முறையிலும் இளமையில் சில ஆண்டுகள் பட்டணத்தில் குடியிருந்தவன் என்ற முறையிலும் என்னை விசாரிப்பது, அங்கே எந்தப் பேட்டையில் வீடு பார்ப்பது உசிதம் என்ற ஒரே விஷயத்தைத்தான். வாடகை கூடினாலும் வேலைத்தலத்துக்குப் பக்கத்திலேயே பாருங்கள், அலைச்சல் மிச்சமாகும் என்று பல வருஷங்களாக நானும் ஒரே பதிலைச் சொல்லிவந்தேன். அந்தப் பதில் எங்கள் சீமை ஜனங்களுக்குப் பொருந்தாது என்பதை, சென்ற ஆண்டு என் அக்காள் மகனுக்கு வீடு பார்க்க அவனோடு சென்னைக்குப் போய்த் தங்கிய மூன்று தினங்களில் பிரத்தியட்சமாக அறிந்துகொண்டேன்.

அவனுக்குக் கிண்டியில் ஒரு கம்பெனியில் வேலை. சம்பளம் மாதம் 30,000 ரூபாய். ஆனிமாத வெயிலில் நாங்கள் பார்த்த வீடுகள் பலவாயினும், மனத்தில் நின்றவை மூன்று. மேற்கு மாம்பலத்தில் பழைய கட்டடம் ஒன்றின் மாடியில் ஒரு படுக்கையறை வீடு, வாடகை 16,500. வேளச்சேரியில் அதே அளவு வீடு, தரைத்தளம் என்பதால் சற்றே சலிசாக 14,000. கூடுவாஞ்சேரியில் புதிதாகக் கட்டிய வீடு, காற்றும் வெளிச்சமும் தாராளம், 8,500. மாம்பலத்திலிருந்து மின்சார ரயிலில் சைதாப்பேட்டையைத் தாண்டினால் அடுத்த நிலையம் கிண்டி. கூடுவாஞ்சேரியிலிருந்தோ வண்டலூர், தாம்பரம், பல்லாவரம், மீனம்பாக்கம் என்று நிலையம் நிலையமாகக் கடந்து முக்கால் மணி நேரம் நின்றபடி வரவேண்டும். 1931-ஆம் ஆண்டிலேயே கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார வண்டி ஓடத் தொடங்கியிராவிட்டால், இந்தத் தென்புறத்துப் பேட்டைகளில் பாதிக்குமேல் தோன்றியிருக்கவே மாட்டா என்பது என் அபிப்பிராயம். இன்றும் தாம்பரத்திலிருந்து கடற்கரை நிலையம் வரை 10 ரூபாய்தான் கட்டணம். ஏழை உத்தியோகஸ்தனுக்கு இந்த மாநகரம் செய்துவரும் உபகாரங்களில் இதைவிடப் பெரியதை நான் அறியேன்.

கரிசல்காட்டில் பிறந்தவன் வீடு பார்க்கப் போனால் முதலில் வாடகையைக் கேட்பதில்லை, தண்ணீரைத்தான் கேட்பான். வைகையிலிருந்தும் தாமிரபரணியிலிருந்தும் குழாய் வழியே வரும் தண்ணீரை எதிர்நோக்கிக் குடங்களை வரிசையில் வைத்துக் காத்திருந்து வளர்ந்தவர்கள் நாங்கள். வருஷத்தின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் குண்டாற்றின் கரையில் குடியிருப்பவர்கள். கூடுவாஞ்சேரியில் வீட்டுக்காரர் அறைகளைக் காட்டிக்கொண்டு வந்தபோது, என் மருமகன் அடுப்படிக் குழாயைத் திறந்து உள்ளங்கையில் ஏந்தி ஒரு வாய் பருகிப் பார்த்தான். "தண்ணிக்குக் கஷ்டமே கிடையாது தம்பி, போர் இருக்கு, வத்துனா லாரி வரும்" என்றார் அவர். "லாரிக்குக் காசு யார் குடுக்கணும்னு கேளுங்க மாமா" என்று அவன் என் காதோரம் சொன்னான். குடியிருப்போர் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும் என்று தெரிந்தது. குடிப்பதற்குக் கேன் தண்ணீர் தனி. ஆகவே 8,500 என்று சொல்லப்பட்ட வாடகை, கோடை மாதங்களில் உண்மையில் 8,500 ஆக இராது. 2019-ஆம் ஆண்டில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு, ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்ப்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீரை ரயிலில் ஏற்றி வில்லிவாக்கத்துக்குக் கொண்டுவந்த காட்சியைப் பத்திரிகைகளில் கண்டபோது, பட்டணமும் எங்கள் வறட்சிச் சீமையின் ஒரு பகுதியாகிவிட்டதே என்று நாங்கள் மெய்யாகவே வருந்தினோம்.

தண்ணீர் இல்லாமை ஒரு துன்பம் என்றால், இருக்கக்கூடாத இடத்தில் அது இருப்பது மற்றொரு துன்பம். வேளச்சேரி வீட்டின் சுவரில் இடுப்பளவு உயரத்தில் வெள்ளையடிப்பையும் மீறித் தெரிந்த ஒரு கறையைப் பக்கத்துக் குடித்தனக்காரர் சுட்டிக்காட்டி, 2015 டிசம்பர் வெள்ளத்தின் அடையாளம் அது என்றார். தரைத்தளம் சலிசாகக் கிடைப்பதன் காரணம் அப்போதுதான் விளங்கிற்று. ஏரியையும் சதுப்புநிலத்தையும் ஒட்டி எழுந்த பேட்டை அது. பிரசித்தி பெற்ற தியாகராய நகரே 1920-களில் பழைய மாம்பலத்து நீண்ட ஏரியைத் தூர்த்து எழுப்பப்பட்ட நகர் என்பதை அங்கே வாடகை கொடுப்பவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்? எங்கள் ஊர்ப்பக்கத்தில் கண்மாய்க் கரைக்கு உட்புறம் வீடு கட்டினால், பத்து வருஷம் மழை பொய்த்தாலும் பதினோராவது வருஷம் தண்ணீர் தன் இடத்தைக் கேட்டுக்கொண்டு வரும் என்று பெரியவர்கள் எச்சரிப்பது வழக்கம். அந்த எச்சரிக்கையை நாங்களே பல இடங்களில் மறந்துவிட்டோம், கண்மாய்களைச் சீமைக்கருவேலுக்குக் கொடுத்துவிட்டோம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயினும் ஏரியின் மடியில் படுத்துறங்க மாதம் 14,000 ரூபாய் கொடுப்பதற்கு என் மருமகனின் மனம் ஒப்பவில்லை.

அட்வான்ஸ் என்னும் முன்பணத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. மதுரை, இராமநாதபுரம் சீமைகளில் ஒத்திக்கு வீடு எடுப்பது நெடுங்கால வழக்கம். ஒரு பெருந்தொகையை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, குறித்த தவணை வரையில் வாடகையின்றிக் குடியிருந்து, காலி செய்யும்போது தொகையை முழுமையாகத் திரும்பப் பெற்றுக்கொள்வது அதன் முறை; பணம் அங்கே சும்மா கிடப்பதில்லை, மாதந்தோறும் வாடகையைச் சம்பாதித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. பட்டணத்து முன்பணமோ இப்படி எதையும் சம்பாதிப்பதில்லை. வாடகை கொடுக்கும் உரிமையைப் பெறுவதற்கே கொடுக்கப்படும் தொகையாக, வட்டியின்றி, பிறர் கையில் கிடக்கிறது. பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது சென்னையில் வெகுகாலமாக நிலைத்துவிட்ட சம்பிரதாயம். மேற்கு மாம்பலத்தில் எங்களிடம் கேட்ட தொகை ஒரு லட்சத்து அறுபத்தையாயிரம்.

யுத்தகாலத்து இடநெருக்கடியை அடுத்து 1946-இலும் 1949-இலும், பின்னர் 1960-இலும் சென்னை ராஜதானியும் அதன் வழிவந்த மாநிலமும் இயற்றிய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்களுக்குப் பதிலாக, 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் அமலுக்கு வந்த புதிய சட்டம், மூன்று மாத வாடகைக்கு மேற்பட்ட முன்பணம் வாங்கலாகாது என்று கூறுகிறது. ஆனால் அந்தப் பிரிவின் தொடக்கத்திலேயே, வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொண்டாலன்றி என்ற நிபந்தனையும் சேர்ந்திருக்கிறது. வீடு கிடைக்காதவன் எந்த ஒப்பந்தத்தில்தான் கையெழுத்திட மாட்டான்? சட்டம் தந்த பாதுகாப்பை அந்தச் சில சொற்களே திரும்பப் பறித்துக்கொள்கின்றன. அவற்றை நீக்கிவிட்டால், ஊரிலே நகையை அடகு வைத்து முன்பணம் கட்டும் ஆயிரக்கணக்கான தாய்மார்களுக்கு அரசு ஒரு காசும் செலவிடாமல் பெரும் நன்மை செய்ததாகும்.

இனி நேரக் கணக்குக்கு வருகிறேன். மேற்கு மாம்பலத்து வீட்டுவாசலிலிருந்து கம்பெனி வாசலுக்கு 25 நிமிஷம்; கூடுவாஞ்சேரியிலிருந்து நடை, காத்திருப்பு, ரயில், மறுபடி நடை எல்லாம் சேர்த்து 85 நிமிஷம். போக வர நாளொன்றுக்கு இரண்டு மணி வித்தியாசம். மாதத்தில் 25 வேலைநாட்களுக்கு 50 மணி. வாடகை வித்தியாசமோ 8,000 ரூபாய். அதாவது பக்கத்து வீட்டை எடுப்பவன் தன் ஆயுளில் ஒவ்வொரு மணியையும் 160 ரூபாய் கொடுத்து மீட்டுக்கொள்கிறான். என் மருமகன் 200 மணி நேரம் உழைத்து 30,000 ரூபாய் பெறுகிறான், மணிக்கு 150. ஆக, வாங்குவதும் விற்பதும் ஏறக்குறைய ஒரே விலைதான். இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டி, விலை ஒன்றாயிருக்கும்போது உடம்பைக் காப்பாற்றிக்கொள்வதே புத்திசாலித்தனம் என்று நான் வாதித்தேன். மாம்பலத்துக்கு அருகில், கோட்டூர்புரத்தில் 2010 முதல் இயங்கிவரும் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. அவன் தேர்வாணையப் பரீட்சைக்குப் படித்துவருபவன். மாலையில் இரண்டு மணி அங்கே உட்காரலாம். கடைவீதி, ஆஸ்பத்திரி, கோயில், இரவு பத்து மணிக்கும் நடமாட்டமுள்ள தெரு ஆகிய சௌகரியங்கள் மாம்பலத்தில் காலடியில் இருக்கின்றன. பெண்பிள்ளையாயிருந்தால் அந்த இரவு நடமாட்டத்துக்காக மட்டுமே எத்தனை ஆயிரம் வேண்டுமானாலும் கொடுக்கத் தயங்கக்கூடாது என்பேன்.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவன் சொன்னான்: "சரிதான் மாமா. ஆனா அந்த ரெண்டு மணி நேரத்த நான் அம்மாவுக்கு அனுப்ப முடியுமா?"

என் அக்காள் சொக்கலிங்கபுரத்தில் இருக்கிறாள். கணவர் மறைந்தபின் பக்கத்து வீட்டுத் தறிக்குத் தார் சுற்றிக் கொடுத்துக் குடும்பத்தை நடத்தியவள். இளையவள் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறாள். 8,000 ரூபாயை மாதம் முதல் வாரத்தில் ஊருக்கு அனுப்பலாம். சேமித்த 50 மணியை எந்த வங்கியின் மூலமாகவும் அனுப்ப இயலாது. ஊரில் தன் கையை எதிர்பார்ப்பவர் எவரும் இல்லாதவனுக்குப் பக்கத்து வீடு நல்ல பேரம். ஊரில் ஒரு குடும்பத்தைத் தூக்கி நிறுத்த வேண்டியவனுக்கு அது நஷ்டம். மானாவாரிச் சீமைப் பிள்ளைகள் ஊரப்பாக்கத்திலும் கூடுவாஞ்சேரியிலும் மறைமலைநகரிலும் குவிந்திருப்பதன் காரணம் கிளாம்பாக்கத்தில் 2023 டிசம்பரில் புதிய பேருந்து முனையம் திறக்கப்பட்டது மாத்திரம் அன்று. அவர்கள் தங்கள் உறக்கத்தையும் ஓய்வையும் ரூபாயாக மாற்றித் தாய்வீட்டுக்கு அனுப்பிவருகிறார்கள். அவன் கூடுவாஞ்சேரி வீட்டையே எடுத்தான், நானும் தடுக்கவில்லை.

ஊர் திரும்பும் வழியெல்லாம் அந்த 85 நிமிஷம் என் நினைவை விட்டு அகலவில்லை. அருப்புக்கோட்டைக்கும் மதுரைக்கும் இடையே ஏறக்குறைய 50 கிலோமீட்டர். நாற்கரச் சாலை வந்தபின், அவன் கூடுவாஞ்சேரியிலிருந்து கிண்டிக்குப் போகும் அதே அவகாசத்துக்குள் பேருந்தில் மாட்டுத்தாவணிக்கே போய்ச் சேர்ந்துவிடலாம். மதுரையில் இலந்தைகுளத்திலும் வடபழஞ்சியிலும் எல்காட் தொழில்நுட்பப் பூங்காக்கள் இருக்கின்றன. 2023 ஜூலை முதல், கோட்டூர்புரத்துக்கு ஈடாகச் சொல்லத்தக்க கலைஞர் நூற்றாண்டு நூலகமும் இருக்கிறது. எங்கள் மாவட்டத்திலேயே இ.குமாரலிங்கபுரத்தில் பி.எம்.மித்ரா ஜவுளிப் பூங்கா வரவிருக்கிறது. பயண நேரம் சமமாகவும், வாடகை சூனியமாகவும், இரவுச் சாப்பாடு தாய் கையாலும் அமையக்கூடிய ஓர் ஏற்பாடு கைக்கெட்டும் தொலைவில் இருக்க, 500 கிலோமீட்டருக்கு அப்பால் ஏரித் தரைகளில் இடம் தேடிப் போட்டியிடும் நிர்ப்பந்தம் எங்கள் பிள்ளைகளுக்கு ஏன் நேர வேண்டும்?

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வழியாகத் தூத்துக்குடிக்குச் சுமார் 143 கிலோமீட்டர் புதிய ரயில் பாதை 2011–12 நிதியாண்டிலேயே அங்கீகரிக்கப்பட்டது. தூத்துக்குடிப் பக்கம் மீளவிட்டானிலிருந்து மேலமருதூர் வரையில் ஒரு துண்டுப் பாதை போடப்பட்டது. காரியாபட்டியும் அருப்புக்கோட்டையும் பந்தல்குடியும் காத்திருக்கின்றன. இப்போதுள்ள விருதுநகர்–மானாமதுரைப் பாதை 2013-இல் அகலப்பாதையாயிற்று. சிலம்பு விரைவு வண்டி அதன் வழியே பிள்ளைகளைச் சென்னைக்கு ஏற்றிச் செல்கிறது. மதுரைக்கு வேண்டுமென்றாலோ விருதுநகரையோ மானாமதுரையையோ சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். ஊரைக் காலி செய்வதற்குப் பாதை இருக்க, ஊரில் இருந்துகொண்டே பிழைப்பதற்குப் பாதை இல்லாமை ஒரு பெரும் அநியாயம் என்று நான் கருதுகிறேன்.

பட்டணத்துக்குப் போயே தீரவேண்டியவர்களும் இருப்பார்கள்; அவர்களுக்காக அரசு வீடு கட்டி வாடகைக்கு விடுவது அசாத்தியமான காரியம் அன்று. வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறந்துவைக்கப்பட்டதை நாம் கண்டிருக்கிறோம். 1961 முதல் இங்கே ஒரு வீட்டு வசதி வாரியம் இயங்கிவருகிறது. ஏறக்குறைய அதே சமயத்தில், 1960-இல், சிங்கப்பூரில் அமைந்த வாரியம் அந்நாட்டு ஜனங்களில் பெரும்பாலோரைத் தன் வீடுகளில் குடியமர்த்தி, ரயிலையும் கடைவீதியையும் வீட்டோடு சேர்த்தே திட்டமிட்டுக் கொடுத்தது. எங்கள் வாரியமும் வீட்டை விற்பதோடு நில்லாமல், மின்சார ரயில் நிலையங்களை அடுத்து எளிய வாடகை வீடுகளைக் கட்ட முற்பட வேண்டும். ஆயினும் எந்தக் கோரிக்கை முதலாவது என்று என்னைக் கேட்டால், காலை ஏழு மணிக்கு அருப்புக்கோட்டையில் புறப்பட்டு எட்டு மணிக்கு மதுரையில் இறக்கிவிட்டு, மாலையில் அதேபோல் திரும்பக் கொண்டுவரும் ஒரு வண்டிதான் என்பேன். சட்டசபைக்கும் பாராளுமன்றத்துக்கும் ஓட்டுக் கேட்டு வருவோரிடம் இந்த வட்டாரத்து வீடுதோறும் இதைக் கேட்க வேண்டும்.

திருச்சுழிப் பக்கத்துக் கிராமங்களில் தெருவுக்கு நாலைந்து வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. பொங்கலுக்குத் திறந்து, கூட்டிப் பெருக்கி, மறுபடி பூட்டுகிறார்கள். என் அக்காள் வீட்டு முன்னறையை மாதம் 1,500 ரூபாய்க்குக் கேட்டு, பக்கத்துப் பள்ளிக்கு மாற்றலாகி வந்த ஓர் ஆசிரியர் இரண்டு தடவை வந்துபோனார். பணத்தின் அருமை அவளுக்குத் தெரியாததன்று. மகனின் கட்டிலும் புத்தகங்களும் இருந்தபடியே இருக்க, வாரம் ஒருநாள் ஜன்னலைத் திறந்து தூசி தட்டிவிட்டு, அந்த அறையை இன்னும் பூட்டியே வைத்திருக்கிறாள்.